முடியும் மானமும்

முடிதானே, போனால் முளைக்கும் என்கிறோம். முடியோடு மனத்தையும் மழித்துவிட்டால்? இண்டூர்த் தோழர்களே, சகோதரி சுப்புலட்சுமியின் கதை கேளுங்கள்!

1886-ல் பிறந்தார். பதினோரு வயதில் மணம். பூ வாடுமுன் கைம்மை! விதவைச் சிறுமி பருவமெய்தினால் தலையை மழிப்பது அன்று பார்ப்பனக் குல வழக்கமாய் இருந்தது. தந்தை சுப்பிரமணிய ஐயர் மறுத்தார். மகளைப் படிக்க வைத்தார். வைதிகர் ஏசினர், அவர் அசையவில்லை. 1911-ல் மாநிலக் கல்லூரிப் பட்டம் பெற்றார் மகள். 1912-ல் இளம் விதவைகளுக்குச் சென்னையில் இல்லம் அமைத்தார். எதிரே வந்தாலே அபசகுனம் என்று ஒதுக்கப்பட்ட பெண்கள், ஆசிரியைகளாய் நிமிர்ந்தனர்!

இங்கே மழிப்பு, அமெரிக்காவிலோ பழிப்பு! கறுப்பினப் பெண்ணின் சுருள்முடி அழகல்ல என்றனர். சுடுசீப்பால் நீட்ட வைத்தனர். இரண்டும் தலையில் கைவைத்துத் தன்மதிப்பைப் பறிக்கும் தந்திரமே!

1969-ல் மறைந்த அம்மையார் நம் இயக்கத்தவர் அல்லர்; பிறந்ததும் பார்ப்பனக் குலம். ஆயினும் போற்றுகிறோம். பெண்ணின் மானத்தை மீட்டவர் எவராயினும் நமக்கு உறவே!

தோழர்களே, வீட்டில் மகளைப் பரட்டை என்று விளையாட்டுக்கும் பழிக்காதீர்! சுயமரியாதை மேடையில் மட்டுமா? அவள் பார்க்கும் கண்ணாடியிலும் வேண்டும்.