கொல்லைப்புறத்திலும் ஒரு காடு

ஈப்போவைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகளின் மேலோ, முன்பு ரப்பர் மரங்கள் நின்ற தோட்டங்களின் மேலோ பருந்து வட்டமிடுவதைக் கண்டிருப்பீர்கள். கண்டவுடன் கைப்பேசியை எடுத்துப் படம்பிடிப்பது இன்று எளிது. ஆனால், ஒரு பறவையின் நடத்தையை நாள்தோறும் பொறுமையாகக் கவனிப்பது எளிதன்று. அவ்வாறு கவனிப்பதையே தம் வாழ்வாக்கிக் கொண்டவர், இயற்கை ஆய்வாளரும் புகைப்படக் கலைஞருமான மா. கிருஷ்ணன்.

கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளுள் அவரே கடைக்குட்டி. தந்தை அ. மாதவையா, தமிழ் நாவலின் முன்னோடிகளுள் ஒருவர். அவர் அரசுப் பணியிலிருந்து முன்னதாகவே ஓய்வுபெற்று, எழுத்துக்காக வாழ்ந்தவர். 1925ஆம் ஆண்டு, பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் பேசிய அன்றே அங்கு உயிர்நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13.

கிருஷ்ணன் வளர்ந்த மயிலாப்பூர், இன்றுபோல் நெருக்கமான நகர்ப்பகுதியன்று. அங்குப் புதர்கள் மண்டிக் கிடந்தன. பறவைகளும் நரிகளும் உலவின. சிறுவன் கிருஷ்ணன் கீரி ஒன்றைச் செல்லமாக வளர்த்தான். பின்னர் மாநிலக் கல்லூரியில் பயின்றபோது, தாவரவியல் பேராசிரியர் பைசனுடன் மலைப்பகுதிகளுக்குச் சென்று செடிகொடிகளை அறிந்துகொண்டார். பேராசிரியரின் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவியமும் கற்றார்.

சட்டப் படிப்பையும் முடித்த கிருஷ்ணனுக்கு அத்தொழிலில் நாட்டம் ஏற்படவில்லை. 1942ஆம் ஆண்டு, கர்நாடகப் பகுதியிலிருந்த சண்டூர் என்னும் சிறிய அரசில் பணியேற்றார். ஆசிரியர், நீதிபதி, மன்னரின் செயலாளர் எனப் பல பொறுப்புகளை வகித்தார். ஓய்வு நேரங்களில் குன்றுகளிலும் காடுகளிலும் அலைந்தார். ஆடு மேய்த்தார், புறாக்களையும் வளர்த்தார்.

1949ஆம் ஆண்டு சண்டூர் இந்தியாவுடன் இணைந்தது. கிருஷ்ணன் மனைவியுடனும் மகனுடனும் சென்னைக்குத் திரும்பினார். குடும்பத்தைக் காப்பாற்ற நிலையான வேலையொன்றைத் தேடுவதே உலக வழக்கு. அவரோ பேனாவையும் புகைப்படக் கருவியையும் நம்பி வாழத் துணிந்தார். இயற்கையைப் பற்றி எழுதிப் பிழைப்பது அந்நாளில் எவரும் பாதுகாப்பானதாகக் கருதாத வழி. வருவாய் குறையும் என அறிந்தும், தந்தையைப் போலவே அவரும் தம் மனம் விரும்பிய பாதையைத் தேர்ந்தெடுத்தார்.

1950ஆம் ஆண்டு ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கையைப் பற்றிய தொடர் ஒன்றை எழுதத் தொடங்கினார். புலி, யானை ஆகியவற்றோடு காகம், அணில் போன்ற எளிய உயிர்களும் அத்தொடரில் இடம்பெற்றன. இயற்கையைக் காண அடர்ந்த காட்டிற்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை; வீட்டுக் கொல்லைப்புறத்திலும் அதைக் காணலாம் என்பதை அவர் எழுத்துகள் உணர்த்தின. இத்தொடரை அவர் 46 ஆண்டுகள் எழுதினார்.

அவருடைய புகைப்படக் கருவி விலையுயர்ந்த புதுக் கருவியன்று. ஒரு நிறுவனத்தின் கருவியையும் வேறொரு நிறுவனத்தின் வில்லையையும் தாமே பொருத்திக்கொண்டார். பார்ப்பதற்கு விந்தையாக இருந்த அக்கருவியைச் சுமந்துகொண்டு காடுகளில் நடந்தார்; வளர்ப்பு யானையின் மீதமர்ந்தும் படமெடுத்தார். வண்ணப்படம் பெருகிய காலத்திலும் கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்து வந்தார்.

நம் பேராக் மாநிலத்தின் கோலா குலா நீர்ப்பறவைகளுக்குப் பெயர்பெற்றது. தமிழ்நாட்டில் அத்தகைய இடம் வேடந்தாங்கல். அங்குள்ள ஏரியில் நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டுகின்றன. பறவைகளின் எச்சம் ஏரிநீரை வளமாக்குகிறது. அந்நீர் வயல்களுக்கு உரமாகிறது. இதனை அறிந்த ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வருகின்றனர். அப்பறவைகளின் பாதுகாப்பில் கிருஷ்ணனும் மிகுந்த அக்கறை காட்டினார். ஒரு நாட்டின் மரங்களும் உயிரினங்களும் அந்நாட்டின் அடையாளம் என்பது அவர் கொள்கை. ஆகவே, அயல்நாட்டு மரங்களைக் கொண்டுவந்து நடுவதை அவர் ஏற்கவில்லை.

இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் கிருஷ்ணன் காலமானார். அவருடைய தொடரின் இறுதிக் கட்டுரை அதே நாளில்தான் நாளிதழில் வெளிவந்தது.

கிருஷ்ணன் பெருஞ்செல்வம் எதனையும் சேர்க்கவில்லை. ஆயினும், கண்ணெதிரே இருந்தும் பலர் காணாத உயிர்களை ஆயிரக்கணக்கானோர் காணும்படி செய்தார். அடுத்த முறை வானில் பருந்தைக் கண்டால், படம்பிடிப்பதற்கு முன் சற்று நேரம் நின்று கவனியுங்கள். அது எங்கிருந்து வருகிறது? எதைத் தேடுகிறது? சிறகை அடிக்காமல் எவ்வளவு நேரம் மிதக்கிறது? கண்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். கிருஷ்ணன் நடந்த பாதையில் நீங்கள் வைக்கும் முதல் அடி அதுவே.