முழங்கையால் அழித்த கணக்கு

குட்டீஸ், பாடத்தை எப்படி மனதில் பதிய வைக்கிறீர்கள்? சத்தம் போட்டுப் படித்தா, எழுதிப் பார்த்தா? ஆளுக்கு ஒரு வழி இருக்கும். கணித மேதை ராமானுஜனின் வழியோ தனி வழி!

அவர் நம் திருப்பூருக்குப் பக்கத்து ஊரான ஈரோட்டில் 1887 டிசம்பர் 22-ம் தேதி பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். அங்கே ஒரு ஜவுளிக்கடையில் அவருடைய அப்பா குமாஸ்தா.

பள்ளியில் படிக்கும்போது, சுமார் 5,000 கணித உண்மைகள் கொண்ட ஒரு புத்தகம் கிடைத்தது. அதில் விளக்கம் மிகக் குறைவு. ஒவ்வொன்றையும் அவரே யோசித்துக் கண்டுபிடித்தார். பேப்பர் வாங்க வசதியில்லை. அதனால் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

கணக்கில் புலியான அவருக்கு மற்ற பாடங்களில் மனம் போகவில்லை. கல்லூரித் தேர்வில் தோற்றார். உதவித்தொகை நின்றது. பட்டமும் கிடைக்கவில்லை. கணக்கை மட்டும் அவர் விடவில்லை.

1913-ல் இங்கிலாந்துப் பேராசிரியர் ஹார்டிக்குத் தன் கண்டுபிடிப்புகளை எழுதி அனுப்பினார். 1914-ல் கேம்பிரிட்ஜ் போனார். ராமானுஜனுக்கு விடை சட்டென்று தோன்றும். ஹார்டி படிப்படியாக நிரூபிக்கச் சொல்வார். இருவர் வழியும் சேர்ந்தது. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

1920-ல், 32 வயதிலேயே மறைந்தார். நோட்டில் அவர் விட்டுச்சென்ற விடைகளை நிரூபிக்க அறிஞர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். சிலேட்டு வரிகள்தான் அழிந்துவிட்டனவே!

குட்டீஸ், உங்களுக்கு எந்த வழி சுலபமோ அப்படியே படியுங்கள். ஆனால், ஸ்டெப்பை எழுத மறக்காதீர்கள்!