நோயாளிதான் முதல் பாடம்! மருத்துவப் படிப்பையே மாற்றிய வில்லியம் ஆஸ்லர் யார்?

பேராசிரியர் பின்னால் கேஸ் ஷீட்டோடு மாணவர்கள் கூட்டமாக ஓடுவதை அரசு மருத்துவமனை வார்டுகளில் பார்த்திருப்பீங்க. 19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில் இந்தக் காட்சி அபூர்வம். பல கல்லூரிகளில் லெக்சர் கேட்டு பரீட்சை எழுதினாலே டாக்டர்! அப்படி வந்தவரிடம் முதலில் மாட்டும் நோயாளியின் கதி என்ன?

இந்த நிலையை மாற்றியவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஆஸ்லர்.

1849-ல் கனடாவின் ஒன்டாரியோவில் பாதிரியார் மகனாகப் பிறந்தவர். அப்பா வழியில் போகத்தான் கல்லூரியில் சேர்ந்தார்; பாதியிலேயே மருத்துவத்துக்குத் தாவிவிட்டார். 1872-ல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பட்டம். அங்கேயே பேராசிரியரும் ஆனார். வெளிநாட்டு மருத்துவ இதழ்கள் விலை அதிகம் என்பதால், சேர்ந்து வாங்கிப் படிக்க ஒரு குழுவையே தொடங்கினார்.

பால்டிமோரில் நடந்த மாற்றம்

1889-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் தலைமை மருத்துவரானார். 1893-ல் அங்கே மருத்துவக் கல்லூரி தொடங்கிய பிறகு, இறுதியாண்டு மாணவர்களை வார்டுக்குள் இறக்கினார். ஒவ்வொருவருக்கும் சில நோயாளிகள். என்ன தொந்தரவு என்று கேட்டு எழுதுவது, ரத்தம், சிறுநீர் பரிசோதிப்பது எல்லாம் மாணவர் பொறுப்பு. விடை தெரியலையா? நூலகத்துக்குப் போய்த் தேடணும். முதலில் நோயாளி, அப்புறம்தான் புத்தகம். இத்தனைக்கும் 1892-ல் வெளியாகி, பல காலம் மாணவர்களின் முக்கியப் பாடநூலாக இருந்ததே இவர் எழுதியதுதான்!

தகவலைத் தேடுவதும் மருத்துவத் திறமைதான் என்று நம்பியவர் அவர். 1898-ல் மருத்துவ நூலகர்களுக்கான சங்கம் உருவாகவும் துணை நின்றார்.

இப்போ என்ன தொடர்பு?

நோயாளியின் டிஜிட்டல் பதிவேடு, லேப் ரிசல்ட், ஆய்வுக் கட்டுரைகள் என மருத்துவத் தகவலைக் கையாளும் துறைதான் மெடிக்கல் இன்ஃபர்மேட்டிக்ஸ். வெறும் சாஃப்ட்வேர் பாடமாக நடத்தினால் மண்டையில் ஏறாது. ஒரு கேஸைக் கொடுத்து, எந்தத் தகவல் வேணும், எங்கே கிடைக்கும், அதை நம்பலாமா என்று மாணவர்களையே தேடவிடுவது ஒரு வழி. பிரச்சினையிலிருந்து தொடங்கும் இந்தக் கற்றல் முறையை, 1969-ல் முதல் மாணவர்களைச் சேர்த்த மெக்மாஸ்டர் மருத்துவக் கல்லூரிதான் முழுப் பாடத்திட்டமாக்கிப் பிரபலப்படுத்தியது. அது இருக்கும் ஹாமில்டன் நகரோடு இன்று இணைந்துவிட்ட டன்டாஸில்தான் ஆஸ்லர் வளர்ந்தார். தற்செயல்தான், ஆனால் பொருத்தமாக இருக்கு இல்லையா?

1905-ல் ஆக்ஸ்போர்டு போனார். 1917-ல் ஒரே மகன் ரெவெர் முதல் உலகப் போரில் பலியானது அவரை உடைத்துப்போட்டது. கடைசி ஆண்டுகளில், தான் சேர்த்த ஏராளமான மருத்துவ நூல்களை அட்டவணைப்படுத்துவதில் மூழ்கினார். 1919 டிசம்பர் 29-ல் இறந்தபோது அந்த வேலை முடிந்திருக்கவில்லை. மற்றவர்கள் முடித்துக்கொடுத்த அட்டவணை 1929-ல்தான் அச்சானது. புத்தகங்கள் அவர் விருப்பப்படி மெக்கில் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவரது அஸ்தியும் அந்த நூலகத்தில்தான் இருக்கிறது.