இரண்டு அறைகளில் ஒரு மனிதர்

மின்தடை நீங்கியதும் என் மேசைமீதுள்ள சிறு கணினிப் பலகை, தன் வலை முகவரியை மறவாமல் விழித்தெழுகிறது. லினக்ஸ் கெர்னலுக்கு டிரைவர் எழுதிப் பிழைக்கும் எனக்கு இது அன்றாடக் காட்சி. மின்சாரமின்றியும் அழியாத இந்த நினைவக அறைக்கு வழி திறந்தவர்களுள் முதல்வர் தாவோன் காங். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் அவரை நான் இரு வேறு நூல்களில் சந்தித்தேன்; இருவரும் ஒருவரே என்பது பிறகுதான் உறைத்தது.

1931-இல் சோலில் பிறந்து, அங்கேயே இயற்பியல் பயின்று, 1955-இல் அமெரிக்கா சென்றார். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1959-இல் முனைவர் பட்டம். பின்னர் பெல் ஆய்வகத்தில், எகிப்தியரான முகமது அட்டாலாவுடன் சேர்ந்து மாஸ் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினார். இன்றைய சில்லுகளில் பெரும்பாலானவற்றிற்கு அடிப்படையான அதை அந்த ஆய்வகமே அன்று பெரிதாக மதிக்கவில்லை.

1967-இல் சைமன் சீயுடன் இணைந்து அவர் செய்ததே என் தொழிலுக்கு நெருக்கமானது. டிரான்சிஸ்டரின் வாயிலுக்கும் சிலிக்கனுக்கும் இடையே, நாற்புறமும் மின்காப்பு சூழ இன்னொரு வாயிலைப் புதைத்தனர். உள்ளே புகுந்த எலெக்ட்ரான்கள் எளிதில் வெளியேற முடியாது. அவை இருப்பதும் இல்லாததுமே ஒன்றும் சுழியுமாகும். உணவு இடைவேளையில் கண்ட அடுக்கு இனிப்பு ஒன்றே இந்த யோசனையைத் தூண்டியது என்றொரு கதை உண்டு. தொடக்கக் கருவிகளில் மின்னூட்டம் நெடுநேரம் நிற்கவில்லை. ஆயினும் பிற்காலத்து ஈப்ராம், ஈஈப்ராம், ஃபிளாஷ் ஆகியவை அந்த மிதக்கும் வாயிலிலிருந்தே கிளைத்தன.

கெர்னலில் அறை என்பது பெயரிட்ட சில பிட்டுகளின் தொகுதி. 2015-இல் வந்த 4.3 பதிப்புமுதல் அவற்றைப் படிக்கப் பொதுவான சட்டகம் உள்ளது. அதற்குமுன் டிரைவர்கள் பலவும் தத்தம் போக்கில் படித்துவந்தன. சிக்கல் எங்கெனில், ஒரே எண் இரண்டு இடங்களில் சிதறிக் கிடப்பதுண்டு. வெப்ப உணரியின் திருத்த எண்ணில் கீழ் ஐந்து பிட்டுகள் ஓரிடத்திலும், தலைப் பிட்டு வேறோரிடத்திலும் இருக்கும். இரண்டையும் படித்து, நகர்த்தி, சேர்க்கவேண்டும். தலைப் பிட்டை விட்டுவிட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது. சில்லின் வெப்பம் ஒன்றாக இருக்கும், உணரியோ வேறொன்று சொல்லும். (இத்தகைய எண்கள் பலவேளை மிதக்கும் வாயிலில் அல்ல, ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய மின்னுருகிகளில் இருக்கும், சேர்க்கும் வேலை ஒன்றுதான்.)

காங்கின் வரலாற்றிலும் இத்தகைய பாதி வாசிப்பே மிகுதி. டிரான்சிஸ்டர் கதை சொல்வோர் நினைவகத்தை விடுகின்றனர். நினைவகம் பேசுவோர் டிரான்சிஸ்டரை விடுகின்றனர். 1988-இல் அவர் பிரின்ஸ்டனில் என்ஈசி ஆய்வு நிறுவனத்தின் முதல் தலைவரானார். 1992 மே மாதம், அறுவை சிகிச்சைக்குப் பின் 61 வயதில் மறைந்தார். 2009-இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் புகழ்மன்றம் அவரையும் அட்டாலாவையும் ஒருசேரச் சேர்த்துக்கொண்டது. அதுவும் டிரான்சிஸ்டருக்காகவே.