கிட்டார் வாசிக்கத் தெரியாதவர் செய்த பேஸ் கிட்டார்... சொந்தப் பெயரையே விற்ற லியோ ஃபெண்டர்! யார் இவர்?

மொபைல் ஸ்பீக்கர்ல ஒரு பாட்டைப் போட்டுக் கேளுங்க. அதே பாட்டை ஒரு நல்ல ஹெட்போன்ல கேளுங்க. ரெண்டாவது தடவை அடியில் இருந்து ஒரு சத்தம் புதுசா முளைச்சு வரும். பெரும்பாலும் அது பேஸ் கிட்டார். இளையராஜா பாட்டுகளில் பாடகருக்குக் கீழே தனியா இன்னொரு பாட்டு போல ஓடுமே, அதேதான். அதன் தடித்த கம்பியைச் சும்மா மீட்டினால் விநாடிக்கு சுமார் 41 அதிர்வுகள். மொபைலில் இருக்கும் குட்டி ஸ்பீக்கரால் அதை முழுசா கொடுக்க முடியாது.

இந்த பேஸ் கிட்டாரை வாங்கப் போனால் கடையில் வரும் முதல் கேள்வியே, ப்ரிசிஷன் மாடலா, ஜாஸ் மாடலா என்பதாகத்தான் இருக்கும். நெக் எவ்வளவு அகலம், தோளில் மாட்டினால் எவ்வளவு கனம், டோன் தடிமனா, கூர்மையா... இப்படி எதை ஒப்பிட்டாலும் பேச்சு இந்த ரெண்டு மாடலுக்குத்தான் வந்து நிற்கும். இரண்டையும் உருவாக்கியவர் ஒரே ஆள். லியோ ஃபெண்டர். அமெரிக்காக்காரர். அவருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது!

ரேடியோ ரிப்பேர் கடை

கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன், அனஹைம் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் 1909 ஆகஸ்ட் 10 அன்று பிறந்தார் லியோ. எட்டு வயதில் நோயால் இடது கண் போனது. அதன்பிறகு வாழ்நாள் முழுக்க கண்ணாடிக் கண்தான். சிறுவயதில் பியானோ, சாக்ஸபோன் கற்றுக்கொண்டார். ஆனால் மனசு போனதெல்லாம் மாமா கடையில் பார்த்த ரேடியோ மேல்தான்.

படித்தது கணக்குப் பதிவு. பார்த்ததும் கணக்கர் வேலை. 1930களின் பொருளாதார மந்தநிலையில் அந்த வேலை போக, 1938ல் 600 டாலர் கடன் வாங்கி ஃபுல்லர்டனில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். உள்ளூர் பாட்டுக் குழுக்காரர்கள் ஆம்ப்ளிஃபையர், மைக் என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். லியோ சரி செய்து கொடுப்பார். எது அடிக்கடி கெட்டுப் போகிறது, எது வாசிப்பவரைப் படுத்துகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தது இந்த ரிப்பேர் மேஜையில்தான்.

இதை மனசுல வச்சுக்கோங்க. பின்னாடி அவர் செய்த எல்லாமே ரிப்பேர்காரர் யோசனைதான். கிட்டாரின் நெக்கை உடம்போடு பசை போட்டு ஒட்டுவதுதான் அப்போதைய வழக்கம். லியோ அதை நான்கு ஸ்க்ரூ போட்டு மாட்டினார். கெட்டுப் போனால் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான் கணக்கு. 1950ல் அப்படி வந்த எலெக்ட்ரிக் கிட்டார்தான் பின்னாளில் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்றது.

ஆளுயரக் கருவிக்கு மாற்று

அப்போது குழுவில் அடிநாதம் வாசிப்பவரின் நிலைமை ரொம்ப மோசம். அவர் கையில் இருந்தது டபுள் பேஸ். ஆளுயரத்துக்கு நிற்கும் மரப்பெட்டி. காரில் கொண்டுபோவதே பெரும்பாடு. அவ்வளவு கஷ்டப்பட்டு மேடைக்குக் கொண்டுவந்தாலும், டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் சேர்ந்து அடிக்கும்போது இவர் வாசிப்பது யாருக்கும் கேட்காது. அதில் ஃப்ரெட்டும் கிடையாது. வீணையில் மெட்டு இருப்பது போல விரலுக்கு இடம் காட்ட எதுவும் இல்லை. விரல் கொஞ்சம் தள்ளிப் போனாலும் ஸ்ருதி போய்விடும்.

1951ல் லியோ கொண்டுவந்த ப்ரிசிஷன் பேஸ் இந்த மூன்று சிக்கலையும் ஒரே நேரத்தில் தீர்த்தது. கிட்டார் மாதிரி தோளில் மாட்டிக்கொள்ளலாம். வயரைச் சொருகினால் ஆம்ப்ளிஃபையரில் கேட்கும். ஃப்ரெட் இருப்பதால் ஸ்ருதி துல்லியமாக விழும். ப்ரிசிஷன் என்றாலே துல்லியம்தானே, பெயரே அதிலிருந்து வந்ததுதான். கம்பி நீளத்தை 34 அங்குலம் என்று வைத்தார். கம்பி ரொம்ப குட்டையானால் அடிநாதம் தொளதொளவென்று ஆகும், ரொம்ப நீண்டால் கை எட்டாது. இன்றும் பெரும்பாலான பேஸ் கிட்டார்களின் அளவு அதே 34தான்.

ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லியே ஆகணும். நீளமான நெக், அதன் நுனியில் கனமான இரும்பு முறுக்காணிகள். இப்படி ஒரு கருவியைத் தோளில் மாட்டினால் நெக் தரையைப் பார்த்துச் சாயும். இடது கைக்கு வாசிப்பதை விட்டுவிட்டு அதைத் தாங்கிப் பிடிப்பதே வேலையாகிவிடும். லியோ உடம்பின் மேல் பக்கத்தை ஒரு கொம்பு மாதிரி நீட்டி, ஸ்ட்ராப் மாட்டும் இடத்தை முன்னால் தள்ளினார். எடை சமமாச்சு. கடையில் பேஸ் பார்க்கப் போனால் நின்றுகொண்டு மாட்டி, இரண்டு கையையும் ஒரு நொடி விட்டுப் பாருங்க. நெக் கீழே போகுதா, நிற்குதான்னு தெரிஞ்சிடும்.

எலெக்ட்ரிக் பேஸை முதலில் யோசித்தவர் லியோ இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1930களிலேயே சியாட்டில் நகரில் பால் டுட்மார்க் என்பவர் ஒன்றைச் செய்து விற்றார். அது பரவவில்லை. லியோவுடையது பரவியதற்குக் காரணம், பேஸுக்கென்றே தனி ஆம்ப்ளிஃபையரையும் கூடவே கொண்டுவந்ததுதான். லயனல் ஹாம்ப்டனின் ஜாஸ் குழுவில் மாங்க் மான்ட்கோமரி இதை வாசித்தார். எல்விஸ் பிரெஸ்லியின் பேஸ் கலைஞர் பில் பிளாக் 1957ல் இதற்கு மாறினார். நாம நகல் எடுக்கறதையே ஜெராக்ஸ்னு சொல்ற மாதிரி, ரொம்ப காலத்துக்கு எந்தக் கம்பெனி எலெக்ட்ரிக் பேஸையும் ஃபெண்டர் பேஸ் என்றே அழைத்தார்கள்.

விலாவில் குத்துது!

வாசிக்கத் தெரியாத மனிதர், கருவி நன்றாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடித்தார்? வாசிப்பவர்களிடம் கொடுத்துவிடுவார். அவர்கள் மேடையில் வாசித்துவிட்டு வந்து சொல்லும் குறைகளைக் கேட்டு, மறுபடி மேஜைக்குப் போவார்.

ஆரம்ப மாடல்கள் எல்லாம் பலகையை அறுத்தது போல, விளிம்பு கூராக இருந்தன. நாலு மணி நேரம் வாசித்தால் விலாவில் குத்தும், முன்கை கன்றிப்போகும் என்று கலைஞர்கள் புலம்பினார்கள். 1954ல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டாரில் வயிறு படும் இடத்தையும் கை படும் இடத்தையும் மழித்து வளைத்தார். அதே ஆண்டு பேஸுக்கும் அந்த வளைவு வந்தது.

அடுத்து டோன். பழைய பிக்கப்பில் ஒரு தொல்லை இருந்தது. பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள். கம்பியின் அதிர்வைப் பிடிப்பதோடு, பக்கத்தில் இருக்கும் லைட், வயரிங் இரைச்சலையும் சேர்த்துப் பிடித்து ம்ம்ம் என்று ஓட்டும். 1957ல் லியோ பிக்கப்பை இரண்டாக உடைத்தார். இரண்டு கம்பிக்கு ஒரு துண்டு, மற்ற இரண்டுக்கு இன்னொரு துண்டு. இரண்டையும் எதிரெதிராக இணைத்ததால் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொண்டது. தடித்த, உருண்டையான ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது. டெட்ராய்ட்டின் மோட்டவுன் ஸ்டூடியோவில் ஜேம்ஸ் ஜாமர்சன் ஒற்றை விரலால் உலகத்தையே ஆட வைத்தது இந்த மாதிரி பேஸில்தான்.

1960ல் ஜாஸ் பேஸ் வந்தது. ப்ரிசிஷனில் நெக் தொடங்கும் இடத்தின் அகலம் அப்போது சுமார் 44 மில்லிமீட்டர். ஜாஸில் 38. வித்தியாசம் 6 மில்லிமீட்டர், ஒரு பென்சில் தடிமன் கூட இல்ல! ஆனால் சின்னக் கை உள்ளவர்களுக்கு அதுதான் எல்லாமே. பிக்கப் இரண்டு, இரண்டுக்கும் தனித்தனி வால்யூம். கூட்டிக் குறைத்தால் டோன் மாறும். ஜாக்கோ பாஸ்டோரியஸ் ஒரு 1962 ஜாஸ் பேஸில் ஃப்ரெட் இல்லாமல், படகுக்குப் பூசும் எபாக்ஸியை நெக்கில் பூசி, பாடுவது போன்ற ஒரு சத்தத்தைக் கொண்டுவந்தார். எது சிறந்தது என்று கேட்டால் எனக்கு இரண்டும் சரிதான் என்று தோன்றுகிறது. கூட்டமான குழுவில் ப்ரிசிஷன் தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பேஸே முன்னால் வந்து பேச வேண்டும் என்றால் ஜாஸ்.

செத்துடுவோம்னு பயந்து...

1950களின் நடுவில் லியோவுக்கு ஒரு ஸ்ட்ரெப் கிருமித் தொற்று வந்தது. சைனஸில் உட்கார்ந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் போகவில்லை. உடம்பு ஒடிந்தது. இனி அதிக நாள் இல்லை என்றே நம்ப ஆரம்பித்தார். கம்பெனியை விற்றுவிடலாம் என்று முடிவெடுத்து, தன் விற்பனைப் பங்காளி டான் ராண்டாலிடமே 15 லட்சம் டாலர் விலை சொன்னார் என்பது கிட்டார் உலகில் பிரபலமான கதை. ராண்டால் வெளியே பேசிப் பார்த்தார். 1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனம் வாங்கியது. விலை 1 கோடியே 30 லட்சம் டாலர்!

ஆலை, மெஷின்கள், டிசைன்கள், எல்லாம் போயின. ஃபெண்டர் என்ற பெயரும்.

அதற்கப்புறம் ஒரு புது டாக்டர் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கில் நோய் போயே போச்சு. லியோவுக்கு அப்போது அறுபது வயதுகூட ஆகவில்லை. கையில் பணம் இருக்கு, ஆரோக்கியம் இருக்கு, மண்டை நிறைய யோசனை இருக்கு. ஆனால் ஒப்பந்தப்படி குறிப்பிட்ட காலம் போட்டிக்கு எதையும் செய்து விற்க முடியாது. ஆலோசகர் என்ற பெயரில் 1970 வரை இருந்தார்.

இதற்கிடையே சிபிஎஸ் காலத்துத் தரம் இறங்கிவிட்டது என்ற முணுமுணுப்பு கலைஞர்களிடம் பரவியது. எல்லாமே மோசம் என்பது நியாயமில்லை. அந்தக் காலத்து நல்ல பேஸ்களும் இருக்கின்றன. ஆனாலும் பழைய கிட்டார் சந்தையில் 1965ம் ஆண்டு ஒரு கோடு. அதற்கு முந்தையது என்றால் விலை எங்கேயோ போய்விடும். விற்பவர் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி, நெக்கின் அடியில் பென்சிலாலோ முத்திரையாலோ பதித்த தேதியைக் காட்டுவார். வாங்குபவர் பெயின்ட் அசல்தானா, பிக்கப் மாற்றியதா என்று பார்ப்பார். மறுபடி பெயின்ட் அடித்திருந்தால் விலை விழும். ரிப்பேருக்கு வசதியாக இருக்கட்டும் என்று லியோ போட்ட அதே ஸ்க்ரூக்கள்தான் இன்று வயதுச் சான்றிதழுக்கும் வழி!

தன் பெயருக்கே போட்டி

1970களில் பழைய ஊழியர்களான ஃபாரஸ்ட் வைட், டாம் வாக்கர் ஆகியோர் தொடங்கிய மியூசிக் மேன் கம்பெனியில் லியோ சேர்ந்தார். 1976ல் ஸ்டிங்ரே பேஸ் வந்தது. பெரிய ஒற்றை பிக்கப், உள்ளே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் குட்டி சர்க்யூட். அதுவரை பேஸில் இருந்த டோன் திருகு கூர்மையைக் குறைக்க மட்டுமே செய்யும். இதில் பேஸ், ட்ரெபிள் இரண்டையும் கருவியிலேயே ஏற்றலாம். டிஸ்கோ, ஃபங்க் பாட்டுகளில் கட்டைவிரலால் தட்டி வாசிப்பவர்களுக்கு அது கொண்டாட்டமாகிப் போனது. ஷிக் குழுவின் பெர்னார்ட் எட்வர்ட்ஸ், லூயிஸ் ஜான்சன் ஆகியோர் அதை எடுத்துக்கொண்டார்கள்.

அங்கேயும் பங்காளிகளோடு உரசல். 1979ல் மனைவி எஸ்தர் காலமானார். திருமணமாகி 45 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே காலகட்டத்தில் 70 வயது லியோ, பழைய கூட்டாளி ஜார்ஜ் ஃபுல்லர்டனோடு மூன்றாவது முறையாகக் கடை விரித்தார். ஜார்ஜ், லியோ இருவரின் முதலெழுத்தைச் சேர்த்து ஜி அண்ட் எல். அங்கே வந்த எல்-2000 பேஸில் இரண்டு பெரிய பிக்கப்கள். பேட்டரியை வேண்டுமானால் போடலாம், வேண்டாமென்றால் அணைக்கலாம். ப்ரிசிஷனின் தடிமனும் ஸ்டிங்ரேயின் கூர்மையும் ஒரே கருவியில் கிடைத்தால் எப்படியிருக்கும் என்று யோசித்தது மாதிரி ஒரு பேஸ். லியோவைப் பொறுத்தவரை தான் முன்னால் செய்ததைவிட இது மேல். கடைக்கு வந்தவர்கள் அதையும் எடுத்து, பக்கத்தில் ஃபெண்டர் என்று எழுதிய பேஸையும் எடுத்து, ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நிறைய பேர் பழைய பெயரைத்தான் வாங்கிக்கொண்டு போனார்கள். 1985ல் சிபிஎஸ் அந்தக் கம்பெனியை அதன் ஊழியர்கள் குழுவுக்கு விற்றது. அப்போதும் பெயர் லியோவிடம் திரும்பவில்லை.

கடைசி ஆண்டுகளில் பார்க்கின்சன் நோய் கை நடுக்கத்தைக் கொடுத்தது. ஆனாலும் கடைசி நாட்கள் வரை வேலை மேஜைக்கு வந்துகொண்டிருந்தார். 1991 மார்ச் 21 அன்று, 81 வயதில் காலமானார். அடுத்த ஆண்டே ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்.

தான் செய்த பேஸில் சொந்தப் பெயரைப் போட முடியாமல் அவர் உட்கார்ந்து வேலை பார்த்த அந்த ஜி அண்ட் எல் தொழிற்சாலை, ஃபுல்லர்டனில் இருந்த தெருவின் பெயர் என்ன தெரியுமா? ஃபெண்டர் அவென்யூ.