சின்னமுத்தை இனங்கண்ட அர்ராஸி

அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸி, இன்றைய தெஹ்ரானுக்கு அருகிலிருந்த ரய் நகரில் பிறந்தவர். அறிஞர் அல்பிரூனியின் குறிப்பின்படி அது ஹிஜ்ரி 251, அதாவது கி.பி. 865. இளமையில் இசையிலும் இரசவாதத்திலும் நாட்டம் கொண்டிருந்த அவர், மருத்துவத்துக்குச் சற்றுப் பிந்தித்தான் வந்தார். ரய்யிலும் பக்தாதிலும் வைத்தியசாலைகளுக்குத் தலைமை வகித்தார். நோயாளியை முதலில் மாணவர்கள்தான் பார்ப்பார்களாம். எல்லோரும் தடுமாறிய பிறகே அவர் வாய் திறப்பாராம். வைத்தியர் கிடைக்காத ஏழைகளுக்கென்றே தனியாக ஒரு நூலும் எழுதினார்.

நான் அவரைத் தேடிப் படித்தது வேறொரு சிறு நூலுக்காக. ‘அல்-ஜுதரி வல்-ஹஸ்பா’ என்பது அதன் பெயர், 14 அத்தியாயங்கள். ஜுதரி என்றால் பெரியம்மை, ஹஸ்பா என்றால் சின்னமுத்து. இரண்டையும் அடையாளம் பிரித்து விரிவாக எழுதிய பழைய நூல் இதுவே. இடைவிடாத காய்ச்சல், முதுகுவலி, மூக்கில் அரிப்பு, தூக்கத்தில் திடுக்கிடுதல் ஆகியன பெரியம்மை வரப்போவதன் அறிகுறிகள். முதுகுவலி குறைந்து, குமட்டலும் மனக்கலக்கமும் மிகுந்தால் சின்னமுத்து. கண்களைக் காப்பாற்றுவதில் அவர் காட்டிய கவனம் என்னை வியக்க வைத்தது. சின்னமுத்து கண்ட பிள்ளைகளுக்கு இன்று விற்றமின் ஏ கொடுப்பதும் கண்ணைக் காக்கத்தானே!

சென்ற வருடம் என் தம்பிக்கு உடம்பெல்லாம் புள்ளி போட்டது. உம்மம்மா சின்னமுத்து என்றார். பக்கத்து வீட்டு மாமி கொப்புளிப்பான் என்றார். சாச்சி பிள்ளைத்தாய்ச்சியாக எங்கள் வீட்டில் இருந்ததால், எது என்று தெரிந்தே ஆகவேண்டியிருந்தது. டொக்டர் மருந்து எழுதுமுன் உம்மாவிடம் கேள்விகள்தான் கேட்டார். காய்ச்சல் எத்தனை நாள்? இருமலும் கண் சிவப்பும் இருந்தனவா? புள்ளி எங்கே தொடங்கியது? சின்னமுத்தென்றால் மூன்று நான்கு நாள் காய்ச்சல், இருமல், மூக்கொழுகலுக்குப் பிறகு, காதின் பின்னாலும் முகத்திலும் தொடங்கிக் கீழே இறங்கும். கொப்புளிப்பானில் நீர் கோத்த கொப்புளமும் காய்ந்த பொருக்கும் ஒரே நேரத்தில் தெரியும். தம்பிக்கு வந்தது கொப்புளிப்பான். சாச்சிக்குச் சிறுவயதிலேயே அது வந்திருந்ததால் பயமில்லை என்றார் டொக்டர். நகத்தை வெட்டி, நிறையக் குடிக்கக் கொடுத்து, காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும் கொடுக்கச் சொன்னார். அஸ்பிரின் கூடவே கூடாது. மூச்சு வாங்கினால், குடிக்க மறுத்தால், அளவுக்கு மீறித் தூங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். உம்மம்மாவின் வேப்பிலையை அவர் தடுக்கவில்லை. குளிக்க வார்க்கக் கூடாது என்ற பத்தியத்தைத்தான் தடுத்தார்.

அர்ராஸி எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடவில்லை. திராட்சைச் சாறு புளித்துப் பொங்குவது போல, பிள்ளைகளின் இரத்தம் பொங்குவதால் அம்மை வருகிறது என்று நம்பினார். வைரஸைக் கண்டுபிடிக்க இன்னும் ஆயிரம் வருடம் ஆயிற்று. ஆனாலும் கலனையே சந்தேகித்து நூல் எழுதியவர் அவர். தன்னைத் திருத்தியவர்களோடு கோபித்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

நமது ஊருக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. 1797இல் திருகோணமலையிலிருந்த படைப்பிரிவுக்கு வைத்தியராக வந்த தோமஸ் கிறிஸ்டிதான், 1802 முதல் இலங்கையில் அம்மைப்பால் குத்துவதைப் பரப்பியவர். பெரியம்மை இன்று உலகிலேயே இல்லை. சின்னமுத்தை ஒழித்த நாடாக 2019இல் இலங்கையை உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் 2023இல் அது மறுபடியும் தலைகாட்டியது. 9 மாதத்திலும் 3 வயதிலும் போடும் எம்.எம்.ஆர். ஊசி உங்கள் பிள்ளையின் பதிவேட்டில் பதியப்பட்டிருக்கிறதா என்று, தாய்மாரே, ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கடைசிக் காலத்தில் அர்ராஸிக்குப் பார்வை போய்விட்டது. ஹிஜ்ரி 313இல் ரய்யிலேயே காலமானார். நோயாளிகளைப் பற்றியும் படித்த நூல்களைப் பற்றியும் அவர் எழுதிவைத்திருந்த குறிப்புகளை மாணவர்கள் சேர்த்துத் தொகுத்தார்கள். ‘அல்-ஹாவி’ என்ற பெருநூல் அப்படி உருவானதுதான்.