நீதிபதி பத்ருதீன் தயாப்ஜி

குற்றஞ் சாட்டப்பட்டவன் வேறு, குற்றவாளி வேறு என்பதை நம்மில் யாவரும் வாயளவில் ஒப்புவர். ஆயினும், கொடிய குற்றமென்று கேட்ட மாத்திரத்தில், விசாரணைக்கு முன்னரே அவன் சிறையிற் கிடத்தல் வேண்டுமென்பர். இவ்விஷயத்தில் நெறி வழுவாது நின்ற பெரியார் ஒருவரின் சரிதத்தை நம் சங்கத்தார்க்குச் சுருங்கக் கூற விரும்புகின்றோம்.

பத்ருதீன் தயாப்ஜி 1844-ம் வருஷம் பம்பாயில் ஒரு முஸ்லிம் வர்த்தகக் குடும்பத்திற் பிறந்தார். இங்கிலாந்தில் சட்டம் பயின்று, 1867-ல் பம்பாய் ஹைகோர்ட்டின் முதல் இந்திய பாரிஸ்டரானார். 1887-ல் சென்னையிற் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மகாசபையில் அக்கிராசனம் வகித்தார். 1895-ல் நீதிபதி பதவி ஏற்றார்.

1897-ல் புனாவில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டு மாண்டார். ஆங்கிலேயர் கொதித்திருந்த அச்சமயத்தில், கேசரிப் பத்திரிகையில் வெளியானவை பற்றி லோகமான்ய திலகர் ராஜத்துவேஷக் குற்றத்திற்காகக் கைது செய்யப்பெற்றார். ஆயுள் பரியந்தம் தீவாந்தரம் விதித்தற்குரிய குற்றம் அது. மாஜிஸ்திரேட் ஜாமீன் மறுத்தார். ஹைகோர்ட்டும் முதலில் மறுத்தது. வழக்கு செஷன்ஸுக்கு அனுப்பப்பட்ட பின்னர், விண்ணப்பம் தயாப்ஜியின் முன் வந்தது. பாரிஸ்டர் தாவர் திலகருக்காக வாதித்தார்.

திலகர் மதத்தாலும் அரசியற் போக்காலும் தயாப்ஜியினின்று வேறுபட்டவர். தயாப்ஜி அதனைக் கருதினாரல்லர். குற்றத்தின் கொடுமையொன்றையே நோக்கினாருமல்லர். எதிரி விசாரணைக்கு வருவாரா, சிறையிலிருந்துகொண்டு தம் கட்சியைச் செவ்வனே தயாரித்தல் கூடுமா, பின்னர் விடுதலையடைவாராயின் முன்னரே அடைத்துவைத்தது அநீதியாகாதா என்பவற்றையே சீர்தூக்கி, ஜாமீன் அளித்தார்.

செப்டம்பரில் ஜூரிமாருள் அறுவர் குற்றவாளியென்றும் மூவர் அல்லரென்றும் கூறவே, திலகருக்கு 18 மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அதனால் ஜாமீன் அளித்தது பிழையாமோ? ஆகாது. திலகர் ஓடி ஒளியாது விசாரணைக்கு வந்து நின்றார். ஜாமீனின் நோக்கம் அதுவே.

தயாப்ஜி 1902-ல் தற்காலிகப் பிரதம நீதிபதியாக இருந்து, 1906-ல் லண்டனில் காலமானார். 1908-ல் திலகர் மீண்டும் அதே குற்றத்திற்காகக் கைதானபோது, ஜின்னா ஜாமீன் வேண்டினார். மறுத்த நீதிபதி, முன்னர்த் திலகருக்காக வாதித்த அத்தாவரே! ஆசனம் மாறியதும் நோக்கும் மாறிற்றுப் போலும்.

இன்றும் நம் நாட்டுச் சிறைகளில் இருப்போருள் பெரும்பாலோர் தண்டனை பெற்றவரல்லர்; விசாரணையை எதிர்நோக்கியிருப்பவரே. நம்மவன் கைதானால் ஜாமீன் வேண்டுமென்றும், அயலான் கைதானால் கூடாதென்றும் உரைப்பது நீதியன்று. நம் சங்கத்து வக்கீல்களும் வாலிபரும் தயாப்ஜியின் தராசைக் கைக்கொள்வாராக.